மாடியிலிருந்து சொட்டிய சிவப்பு

சொட்!

டைரக்டர் ஜெயகுமாரின் வெள்ளைச் சட்டையில் ஒரு சிவப்புத் துளி.

நிமிர்ந்தார். சீலிங்கில் இன்னொன்று திரண்டது... விழுந்தது. நேராக மூக்கில்!

"ரத்தம்!"

மலேசியாவின் கூலிம் ஊரில் குழந்தைவேலுவின் புது வீடு. புதுமனைப் புகுவிழா. சாப்பிட உட்கார்ந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

"யாரும் அசையாதீங்க. மேல பாத்ரூம்ல யாரையோ முடிச்சிட்டானுங்க. அங்கிருந்துதான் ஒழுகுது," என்று கத்தினார் ஜெயகுமார்.

ஜெயகுமார் சாதாரண ஆள் இல்லை. இந்த வீட்டைக் கட்டிய கம்பெனியின் டைரக்டர். தனக்கு டத்தோ பட்டம் வரப்போகிறது என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருப்பவர்.

போன வாரம்தான் குழந்தைவேலு வீட்டைச் சோதிக்க ஜெனவீவை வரவழைத்திருந்தார். புது வீடுகளில் குறை கண்டுபிடிப்பது அவள் தொழில். மாடி பாத்ரூமில் தண்ணீர் போகும் வழியை அடைத்துத் தேக்கினாள். கொஞ்ச நேரத்திலேயே சாப்பாட்டறை சீலிங்கில் ஈரத்தைக் காட்டினாள்.

ஜெயகுமார் அசரவில்லை. அது ஒழுகல் இல்லையாம். கெடா மாநில வெயிலுக்கு வீடு வியர்க்கிறதாம்!

அவர் ஒப்புக்கொண்டால்தான் கம்பெனி தரையை உடைத்துச் சரிசெய்யும். இல்லாவிட்டால் குழந்தைவேலு குடும்பம் காலத்துக்கும் குடை பிடித்துத்தான் சாப்பிட வேண்டும்.

இப்போது போலீஸுக்குப் போன் போட்டதும் ஜெயகுமாரே.

சார்ஜன் புவனேசன் வந்தார். மாடி ஏறினார். பின்னால் ஊரே ஏறியது. எல்லோருக்கும் பின்னால்... டைரக்டர்.

பாத்ரூம் கதவு மூடியிருந்தது.

புவனேசன் ஓங்கி ஒரு உதை விட்டார். தாழ்ப்பாளே போடாத கதவு! சார்ஜன் உள்ளே போய் விழுந்தார்.

பிணம் இல்லை. கத்தி இல்லை.

ஓர் ஆரத்தித் தட்டு. தரையெங்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர்.

புவனேசன் நனைந்த முழங்காலோடு எழுந்தார்.

"இந்தத் தண்ணிதான் கீழ ஒழுகிச்சா, சார்?"

"ஆ... ஆமா," என்றார், இப்போது முன்னால் வந்து எட்டிப் பார்த்த ஜெயகுமார்.

"நல்லா சத்தமா சொல்லுங்க லா, டைரக்டர்," என்றாள் விருந்துக்கு வந்திருந்த ஜெனவீவ். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

சொன்னார். போலீஸ் சாட்சி, சொந்தபந்தம் சாட்சி. திங்கட்கிழமையே ஆள் அனுப்பித் தரையை உடைத்துப் புதிதாகப் போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

படியிறங்கும்போதுதான் அவருக்கு உறுத்தியது. குழந்தைவேலுவின் மனைவி நவமணியிடம் திரும்பினார்.

"நான் வந்தப்ப ஆரத்தி எடுத்தது நீங்கதானே? அந்தத் தண்ணிய வாசல்லதானே கொட்டுவாங்க. எதுக்கு மாடிக்குத் தூக்கிட்டுப் போனீங்க?"

நவமணி, மூக்கைத் துடைத்துக்கொள்ள அவரிடம் ஒரு துண்டை நீட்டினாள்.

"வாசல்ல கொட்டியிருந்தா சீலிங்ல எப்படி ஒழுகும், தம்பி?"