நரி நின்னுக்கிட்டா இருக்கும்?

அமெரிக்காவில், மெரிமாக் ஆற்றங்கரைப் பஞ்சாலையில் கெசையாவுக்கு ஒரே வேலைதான். இயந்திரத்தில் நூல் சுற்றி நிரம்பிய பாபின் கட்டைகளைக் கழற்றிவிட்டு வெறும் பாபின்களை மாட்ட வேண்டும். கால் மணி நேரம் ஓட்டம். அடுத்த முக்கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். வீட்டுக்கும் போக முடியாது. காலை ஐந்துக்கு உள்ளே போனால், மாலை ஏழுக்குத்தான் விடுவார்கள். அவளுக்கு வயது பதினொன்று!

சனிக்கிழமை உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. தேறினால் பள்ளிக்கூடம். தேறாவிட்டால் பாபின்தான்.

அதனால் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்தாள். மேற்பார்வையாளர் ஸ்பிரேக் பார்த்துவிட்டார்.

“ஏய் பொண்ணே! ஆலைக்குள்ள புத்தகம் வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கில்ல? இன்னொரு தடவை பார்த்தேன், சீட்டைக் கிழிச்சிடுவேன்!”

ஒரு பிள்ளை முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாமாம். படிக்கத்தான் கூடாதாம். நல்ல சட்டம்!

“சுவரைத்தானே பாக்கச் சொல்றார்?” என்றாள் கெசையா, பக்கத்து இயந்திரத்து லொவீனா அக்காவிடம். “பாத்துட்டாப் போச்சு.”

மறுநாள் கணக்குகளைத் துண்டுத் தாள்களில் எழுதிக்கொண்டு வந்தாள். நூலுக்குப் போடும் கஞ்சியைத் தொட்டுச் சுவரில் ஒட்டினாள்.

ஸ்பிரேக் பாய்ந்து வந்தார். “என்னது இது?”

“சுவர், ஐயா.”

லொவீனா அக்கா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

ஸ்பிரேக் கிழிக்கக் கையை நீட்டினார். கண் கணக்கில் விழுந்தது.

‘நாய்க்கு அறுபது அடி முன்னால் நரி ஓடுகிறது. நரியின் பாய்ச்சல் மூன்றடி. நாயின் பாய்ச்சல் ஐந்தடி. இரண்டும் ஒன்றாகவே பாய்ந்தால், எத்தனையாவது பாய்ச்சலில் நாய் நரியைப் பிடிக்கும்?’

நீட்டிய கை அப்படியே நின்றது.

“ப்பூ! பன்னிரண்டு!”

“அதுவரைக்கும் நரி என்ன நின்னுக்கிட்டா இருக்கும், ஐயா?”

“அப்ப… இருபது!”

“இப்ப நாய் நின்னுடுச்சே!” என்றாள் லொவீனா. வரிசை முழுக்கச் சிரித்தது. ஸ்பிரேக்கின் காது சிவந்தது.

“முப்பது, ஐயா. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் நாய் ரெண்டடிதான் நெருங்கும்,” என்றாள் கெசையா.

“சும்மா அடிச்சு விடாதே! விடை எங்க?”

“புத்தகத்துல கடைசிப் பக்கத்துல இருக்கு. புத்தகம்தான் உள்ள வரக் கூடாதே, ஐயா!”

அன்று முழுக்க ஸ்பிரேக் இயந்திரங்களுக்கு நடுவே நாயாகவும் நரியாகவும் மாறி மாறித் தாவிப் பார்த்தார். ஏழு மணிக்கு, மூச்சு வாங்க வந்து நின்றார்.

“நாளைக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வா.”

“சட்டம், ஐயா?”

“சட்டம் கிடக்கட்டும். எனக்குத் தூக்கம் வராது!”

சனிக்கிழமைத் தேர்வில் கெசையா தேறினாள். புதுப் பள்ளிக்கு அவள் கிளம்பிய காலையில், ஸ்பிரேக் தெருவிலேயே வழிமறித்தார்.

“உன் புத்தகத்துல இருக்கிற அந்த ஓட்டைத் தொட்டிக் கணக்கை மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போயேன், தாயி!”