சோசம்மாவின் பதினான்கு விநாடி

கேரளத்துக் கும்பநாட்டில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி. கர்க்கடக மாத மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அந்தப் பக்கத்தில் வீடுகள் பெரிது, ஆட்கள் கம்மி. சாலையின் இரண்டு பக்கமும் கேட்டுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். காம்பவுண்டுக்குள் தேங்காய் விழுந்து முளைத்து நின்றது, எடுக்க ஆளில்லை.

நான் ஹோம் நர்ஸ். பெயர் வல்சலா. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் கட்டிலோரம்தான் என் பிழைப்பு. செத்தவர்களைத் தனியாக நின்று குளிப்பாட்டியிருக்கிறேன், பக்கத்து அறையில் பிணம் இருக்க நிம்மதியாகக் கஞ்சி குடித்திருக்கிறேன். பயந்தாங்கொள்ளி உளறுகிறாள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்கிறேன்.

பெல்லை அடித்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"கதவு திறந்துதான் இருக்கு. ஏஜென்சிக்காரியா? செருப்பைக் கழட்டிட்டு வா. சேத்தை உள்ள கொண்டு வந்தா நீயேதான் துடைக்கணும்."

"துடைக்கத்தானே வந்திருக்கேன் அப்பச்சா," என்றேன்.

கோருத் அப்பச்சனுக்கு எண்பத்தொன்று. குவைத்தில் முப்பது வருஷம் சம்பாதித்துக் கட்டிய வீடு. இரண்டு முட்டியும் போய், கீழ் ஹாலிலேயே கட்டில் போட்டுக் கிடந்தார். கட்டிலுக்கு நேரெதிரே மாடிப்படி. பதினெட்டுப் படி, வழவழவென்று சிவப்புத் தரை. மனைவி சோசம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாடி அறை பூட்டியிருந்தது.

அந்த வீட்டில் பேச்சு என்றால் போன்தான். விடிந்ததும் டிங், டிங் என்று ஆரம்பிக்கும். பூப்படம் போட்ட காலை வணக்கம், ஜெப வீடியோ, குவைத் நண்பர்கள் குழுவின் ஆரோக்கியக் குறிப்பு. ஒன்றையும் அவர் திறந்து பார்த்ததாக ஞாபகமில்லை. ஆனால் யாராவது புதுக் குழுவில் சேரச் சொன்னால் உடனே சேர்ந்துவிடுவார்.

"இத்தனை குப்பை எதுக்கு அப்பச்சா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். உன் போனுக்கு ஏன் சத்தமே வர்றதில்ல? யாரும் ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட அனுப்ப மாட்டாங்களா?"

"எனக்கு யாரு இருக்கா? ஏஜென்சி அனுப்பும், நாளைக்கு லீவு கிடையாதுன்னு."

சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ இங்கேர்ந்து போனப்புறம் நான் ஒண்ணு அனுப்பறேன். சத்தியமா அனுப்பறேன்," என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மீன் தீய்கிறது என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் கனடாவிலிருந்து மகள் ஜின்சி என் போனில் கூப்பிட்டாள்.

"சேச்சி, குட்டிப்பையன் நடக்க ஆரம்பிச்சுட்டான். வீடியோ அனுப்பி நாலு நாளாச்சு, அப்பச்சனுக்குப் போய்ச் சேரவே இல்ல. அந்தப் போன் வழிய வழிய நிறைஞ்சிருக்கும். நான் சொன்னா கடிக்க வர்றார். தூங்கறப்ப கொஞ்சம் காலி பண்ணி விடுங்களேன். அம்மச்சியோட வாய்ஸ்ல மட்டும் கை வச்சுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மதியக் கஞ்சி குடித்து அவர் கண்ணயர்ந்ததும் போனை எடுத்தேன். யார் அனுப்பியது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டியது. ஜெபக் குழு, குடும்பக் குழு, குவைத் குழு. குழு குழுவாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஆயிரம் பூ, ஆயிரம் விடியல். ஒரு பெயரை மட்டும் தொடவில்லை. 'சோசம்மா மாடி' என்று இருந்தது.

அவர் விழித்ததும் பெருமையாகப் பேரனின் வீடியோவை நீட்டினேன்.

அவர் பேரனைப் பார்க்கவில்லை. போனைப் பிடுங்கி எதையோ தேடினார். முகம் வெளுத்துப் போயிற்று.

"இடம் பண்ணிட்டியா?"

"ஆமா, ஜின்சி மோள்தான்..."

"பாவி. யாரு உன்னைப் பண்ணச் சொன்னது? எட்டு மாசமா நான் அதை நிறைச்சு வச்சிருந்தேன்."

எனக்கும் கோபம் வந்தது. நல்லது செய்யப் போனால் இப்படியா என்று வாயைத் திறந்தேன். அவர் அழுவதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

பிறகு அவரே சொன்னார். சோசம்மாவுக்கு இடுப்பு முறிந்து மாடியில் படுக்கை. அவரால் ஏற முடியாது, அவளால் இறங்க முடியாது. கீழே கொண்டுவரலாம் என்றால், ஜன்னலில் அவள் நட்ட மாமரம் தெரியும், வரமாட்டேன் என்று பிடிவாதம். இரண்டு வருஷம் ஒரே வீட்டுக்குள் போனில்தான் குடித்தனம். மாத்திரை போட்டாச்சா, தண்ணித் தொட்டிமேல் காக்கா உட்கார்ந்திருக்கு, மழை வருது, ஜன்னலைச் சாத்துங்க. ஒரு நாளைக்கு நாற்பது வாய்ஸ்.

"அன்னிக்கு எனக்கு எரிச்சல் வல்சலே. 'கொஞ்ச நேரம் வாயை மூடிட்டுச் சும்மா இருடீ'ன்னு ஒரு வாய்ஸ் போட்டேன். அவ்வளவுதான். மூணு பத்துக்கு அவகிட்டேர்ந்து ஒண்ணு வந்துச்சு. பதினாலு விநாடி. தொட்டா, போன்ல இடமில்லைன்னு சொல்லுச்சு. நல்லதாப் போச்சு, நிம்மதின்னு நினைச்சேன். ஆறு மணிக்கு வேலைக்காரி மேல போனா. உடம்பு ஆறிக் கிடந்தா."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"அந்தப் பதினாலு விநாடியில என்னைக் காப்பாத்துங்கன்னு கூப்பிட்டிருந்தான்னா? நான் கீழ படுத்துக்கிட்டு அவளைச் சாக விட்டிருக்கேன்னு அர்த்தம். அதைக் கேக்கற தைரியம் எனக்கில்ல. அழிக்கவும் மனசில்ல. அதான் இடம் வராம பார்த்துக்கிட்டேன்."

இப்போது இடம் இருந்தது.

வெகு நேரம் கழித்து அவரே அதைத் தொட்டார். வட்டம் சுற்றியது. பிறகு போனில் ஒரு வரி வந்தது. எழுத்து பொடியாக இருந்ததால் நான்தான் படித்தேன். இந்தக் குரல் இப்போது கிடைக்காது, நாள் கடந்துவிட்டது, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தேற்ற வேண்டும் என்றுதான் என் நாக்கு அப்படிப் புரண்டது. என் நாக்கை அன்றைக்கே அறுத்துப் போட்டிருக்கலாம்.

"அனுப்பச் சொல்லுன்னு போனே சொல்லுதே அப்பச்சா. கேட்டுத்தான் பாருங்களேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் போனை வாயருகே கொண்டுபோனார்.

"சோசம்மே, நான்தான். அன்னிக்கு அனுப்பினியே, அதை இன்னொரு தடவை அனுப்பு. இப்ப கேக்கறேன்."

போனது. ஒற்றை டிக் விழுந்தது. ஒற்றையாகவே நின்றது. வேறென்ன விழும்? அவளுடைய போன் மாடி அலமாரியில் அணைந்து கிடக்கிறது.

மறுநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மழை இருட்டு, ஆனால் பகல்தான். கரண்ட் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

"வல்சலே, இதைப் பாரு," என்று மெல்லக் கூப்பிட்டார்.

இரண்டு டிக்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின.

சோசம்மா மாடி என்ற பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒன்று தெரிந்தது. 'பதிவு செய்கிறார்...'

"ஜின்சி மோள் அந்த சிம்மை வேற யாருக்காவது கொடுத்திருப்பாங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சாவி பைபிளுக்கு அடியில இருக்கு," என்றார் அவர்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பயந்தவள் இல்லை என்று பேர் வாங்கியவளாயிற்றே. படியேறினேன். மேலே போகப் போக வாசனை வந்தது. வலிக்குத் தேய்க்கும் ஆயுர்வேத எண்ணெய். எட்டு மாதம் பூட்டிய அறையில் பூஞ்சை வாசனைதானே வர வேண்டும்? இது இப்போதுதான் தேய்த்ததுபோல் சூடாக வந்தது.

பூட்டைத் திறந்தேன். வெறும் கட்டில். ஜன்னலுக்கு வெளியே மாமரம். கட்டிலோரம் அவளுடைய வாக்கர், நான்கு காலிலும் ரப்பர் தேய்ந்து போய் நின்றது. அலமாரியில் போன் இருந்தது. அமுக்கினேன். உயிர் இல்லை. பின்மூடியைக் கழற்றினேன். பேட்டரியும் இல்லை, சிம்மும் இல்லை. யாரோ எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

போன் கண்ணாடியில் கட்டைவிரல் தடம் ஒன்று.

எண்ணெய்த் தடம். ஈரமாக இருந்தது.

போனைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். கதவைச் சாத்தினேனா என்றுகூட நினைவில்லை. ஹாலில் அப்பச்சன் எழுந்து உட்கார்ந்திருந்தார். யார் பிடித்து உட்கார வைத்தார்கள் என்று தெரியவில்லை.

"வந்துடுச்சு. பதினாலு விநாடி," என்றார்.

"வேண்டாம் அப்பச்சா. கேக்காதீங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் அதைத் தொட்டுவிட்டார்.

முதலில் மழைச் சத்தம். அந்த அறையின் மழை, மாவிலையில் விழும் மழை. அப்புறம் ஒரு பெண் குரல். ரோஷமும் செல்லமுமான குரல்.

"சரி, நான் வாயை மூடிட்டுச் சும்மா இருக்கேன். நீங்களாக் கூப்பிடற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன், போதுமா? ஆனா கூப்பிட்டீங்கன்னா எறங்கி வந்துடுவேன், பார்த்துக்கோங்க. இந்தப் பதினெட்டுப் படி எனக்குப் பெரிசில்ல."

முடிந்தது.

அப்பச்சன் குழந்தைபோல் விம்மினார். "கேட்டியா? காப்பாத்துன்னு கூப்பிடலை. ரோஷமா இருந்திருக்கா, அவ்வளவுதான். நான் அவளைச் சாக விடலை வல்சலே. நான் கூப்பிடணும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா, கழுதை." அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. நேற்று அவர் கூப்பிட்டுவிட்டார் என்பதுதான் என் தலைக்குள் ஓடியது.

டொக்.

மேலே, படியின் உச்சியில்.

ரப்பர் தேய்ந்த இரும்புக் கால் படியில் ஊன்றும் சத்தம். அதன் பின்னால் ஒரு பாதம் இழுபட்டு வரும் சத்தம். பிறகு கொஞ்சம் மூச்சு.

டொக்.

"போ, வல்சலே," என்று கிசுகிசுத்தார். "அடுக்களைக்குப் போ. மூணு கட்டன் சாயா போடு. அவளுக்குச் சர்க்கரை வேண்டாம்."

அவர் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் துளி பயமில்லை. நான் படியைப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. அடுக்களைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டு, கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன்.

எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பதினாறு.

பதினேழு.

பதினெட்டு.

அப்புறம் ஹாலில் பேச்சு. அவர் குரல் மட்டும்தான் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது, இடையில் யாரோ பதில் சொல்வதற்கு இடம் விட்டதுபோல. ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தார். நான் வந்த நாள் முதல் அவர் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. எல்லாம் போய்த் தொலையட்டும், அந்தச் சிரிப்பு எனக்குப் பொறாமையாக இருந்தது.

மழை விட்டதும் வெளியே வந்தேன். மணி ஐந்து. அப்பச்சன் தலையணையில் சாய்ந்திருந்தார். கை சில்லிட்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், எதிர் நாற்காலியை ஒட்டி, வாக்கர் நின்றது.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். நாலாம் நாள் ஜின்சி வந்தாள், அடக்கம் முடிந்தது. வாக்கரை மாடியிலிருந்து நான் கொண்டுவந்தேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். அப்பச்சனின் போனை அணைத்து, சோசம்மாவின் போனோடு ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு அவள் கனடா போய்விட்டாள்.

எனக்குக் கோட்டயத்தில் ஒரு ஃபிளாட்டில் வேலை கிடைத்தது. தனியாகப் படுக்கப் பயந்து, கண்ட ஜெபக் குழுவிலெல்லாம் சேர்ந்தேன். என் போனிலும் டிங், டிங் என்று பூக்கள் விழ ஆரம்பித்தன. நான் ஒன்றையும் அழிக்கவில்லை.

அப்பச்சனின் நாற்பதாம் நாள், மதியம் மூன்று பத்துக்கு, ஒரு வாய்ஸ் வந்தது. அப்பச்சன் என்று பெயர் காட்டியது. ஒன்பது விநாடி. தொட்டுவிட்டேன், கை தானாகத் தொட்டுவிட்டது. போனில் இடமில்லை என்று வந்தது. அன்றைக்கு அந்தப் பூக்களுக்கு நான் நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு என் போன் எப்போதும் நிறைந்தேதான் இருக்கிறது. கடைக்காரப் பெண் காலி பண்ணித் தருகிறேன் என்றாள். தொட்டால் கையை முறிப்பேன் என்றேன்.

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஐம்பத்துமூன்று வயதில் எனக்கென்று, எனக்காகவே பேசி, ஒருவர் அனுப்பியிருப்பது அந்த ஒன்பது விநாடி மட்டும்தான். சத்தியம் செய்து கொடுத்தபடி அனுப்பியிருக்கிறார்.

இன்றைக்கு நான் கவனித்துக்கொள்ளும் அம்மா மதியம் தூங்கிவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. மூன்று பத்துக்கு அப்பச்சன் என்ற பெயருக்குக் கீழே அந்தச் சின்ன எழுத்து வந்தது. 'பதிவு செய்கிறார்...'

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பூப்படத்தை அழித்தேன்.

இன்னொன்றையும் அழித்தேன்.