காற்றுக் கதவு

ஜியு பள்ளத்தாக்கின் அந்தக் கரிச்சுரங்கத்தில் இலாரியேவுக்குக் காற்றளக்கும் வேலை. அன்று காலை ஷிப்டில், ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் பையில் தொங்க, எப்போதும்போல் காற்றுக் கதவுக்கு வந்தார்.

இரண்டு கதவு இருக்க வேண்டிய இடம் அது. ஒன்றைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். மிச்சமிருக்கும் ஒன்று மூடியிருந்தால்தான் நல்ல காற்று சுற்றிக்கொண்டு கரி வெட்டும் முகப்புக்குப் போகும். திறந்துகொண்டால் குறுக்கே ஓடிவிடும். முகப்பில் மீத்தேன் சேரும். இன்றைக்கு அங்கே ஐந்து பேர். அதில் ஒருவன் அவருடைய மருமகன் விர்ஜில்.

கதவு திறந்து கிடந்தது.

எந்தப் பொறுப்பில்லாதவன் வேலை இது என்று திட்டிக்கொண்டே சாத்தினார். காற்றே அழுத்தி மூடி வைக்கிற கதவு. திறக்க இரண்டு ஆள் வேண்டும். பத்தடி நடந்திருப்பார். பின்னால் கீல் முனகியது.

மறுபடி திறந்திருந்தது.

அந்தப் பக்கம் விளக்கடித்துப் பார்த்தார். ஆளில்லை. ஈரமரத்தின் வாடை மட்டும் அடித்தது. சாத்திவிட்டு முதுகைக் கொடுத்து நின்றார்.

இடுப்புக்கு நேரே, ஒரே இடத்தில், ஒரு பலகையின் முனைபோல் ஏதோ முட்டியது.

பக்கத்துச் சுவரில், முகப்போடு மட்டும் பேசும் தொலைபேசி அடித்தது. விர்ஜில்.

"மாமா, இங்க வாயு ஏறிப்போச்சு, இப்பத்தான் இறங்குது. கதவுகிட்ட நீங்கதானா? விட்றாதீங்க. ரெண்டு பேருக்குத் தலை சுத்துது, மெல்லத்தான் வர முடியும்."

மூன்று வருடத்துக்கு முன்பு, சாமான் கொண்டுபோக ஓயாமல் திறந்து மூடச் சோம்பல்பட்டு, இதே கதவுக்குப் பலகையை முட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனவர் இலாரியே. முகப்பில் தனியாக இருந்த தெமியான் மூச்சுத் திணறிச் செத்தான். விசாரணைக்கு ஆள் வருமுன் பலகையை ஒளித்ததும் அவர்தான். பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

முட்டல் பலத்தது. குதிகாலைத் தண்டவாளத்தில் ஊன்றிக்கொண்டு, அவங்க வர்ற வரைக்கும், அவங்க வர்ற வரைக்கும் என்று முனகினார்.

கடைசியில் விளக்குகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து. விர்ஜில் கரி முகத்தோடு சிரித்தான். எல்லோரும் வந்தாச்சு, வாங்க, மேலே போகலாம் என்றான்.

இலாரியே ஒரு எட்டு நகர்ந்தார்.

தொலைபேசி அடித்தது.

முகப்பிலிருந்துதான். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இலாரியே எடுத்தார். வெகுநேரம் இழுத்து இழுத்து வாங்கும் மூச்சுதான் கேட்டது.

"இலாரியே அண்ணே," என்றது குரல். "நான் இன்னும் உள்ளதான் இருக்கேன். கதவ விட்றாதீங்க."

விர்ஜில் அவர் கையைப் பிடித்து இழுத்தான். அவர் அதை விலக்கிவிட்டு, திரும்பிப் போய்க் கதவில் முதுகைச் சாய்த்தார்.

"நீங்க போங்கப்பா," என்றார். "இவன ஒரு தடவ விட்டுட்டுப் போனவன் நான்தான்."

அவருடைய இடுப்பில் அந்த முனை மறுபடியும் முட்டத் தொடங்கியது.