ரோஜாவுக்கு மட்டும் திறக்கும் வாயில்

செவ்வாய்க் கோளில் ஒருவர் கண் விழிப்பதற்கு முன்பே ஊர் முழுக்கக் காலை வணக்கம் சொல்லி முடித்திருப்பார். இமைக்குள் பதித்த அஞ்சல்திரை அதைப் பார்த்துக்கொள்ளும். ரோஜாப் படத்தோடு வணக்கம் வந்தால், திறக்காமலே இன்னொரு ரோஜாவைத் திருப்பி அனுப்பிவிடும். மனிதருக்கு என்ன வேலை? குறட்டை விடுவதுதான்.

சேந்தன் அங்கே அஞ்சல்வாயில் அதிகாரி. குடியிருப்புக்கு வெளியிலிருந்து வரும் எந்த அஞ்சலும் உள்ளே போகக் கூடாது என்று விதி போட்ட மகாராசன் அவன்தான். மனை விற்கும் மோசடிக்காரர்களின் தொல்லை அப்படி. ஒரே விலக்கு, ஆளுநர் அம்மா ரோஜாவோடு அனுப்பும் காலை வணக்கம். அவர் சுற்றுப்பயணத்தில் இருந்தாலும் அது எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டுமே!

அந்த விலக்கில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவள் அவன் மனைவி பொற்கொடி.

“உங்க வாயில் தலைப்பையும் ரோஜாவையும் மட்டுந்தான் பாக்குது. அனுப்புறது யாருன்னு பாக்கவே இல்லையேங்க. எவன் வேணா உள்ள வந்துடுவான்.”

“வந்து என்னத்தக் கிழிக்கப் போறான்? சும்மா நைநைங்காத.”

ஒருநாள் காலை, வெளிப்பாறையில் காற்றுக்குழாயைப் பழுதுபார்க்கத் தனியாகப் போன பொற்கொடியின் வண்டி புழுதிப்புயலில் கவிழ்ந்தது. குரல்தொடர்பு அறுந்துவிட்டது. அஞ்சல் மட்டும் மிஞ்சியது. “வண்டி கவுந்துடுச்சு. காத்து கொஞ்சந்தான் இருக்கு. சீக்கிரம் வாங்க” என்று கணவனுக்கு எழுதினாள். ‘வெளி அஞ்சலுக்கு அனுமதி இல்லை’ என்று வாயில் திருப்பி அனுப்பியது. மீட்புப் படைக்கு எழுதினாள். அதே பதில்.

“பாவி மனுஷா!” என்று பல்லைக் கடித்தாள். பிறகுதான் ஓட்டை ஞாபகம் வந்தது. தலைப்பில் காலை வணக்கம் என்று போட்டு, ரோஜா ஒன்றை ஒட்டி, கீழே அதே வரிகளை எழுதி, குடியிருப்பு மொத்தத்துக்கும் அனுப்பினாள். வாயில் மரியாதையாக வழிவிட்டது. பிழைத்தோம் என்று அழுதேவிட்டாள்.

உடனே பதில்கள் வந்தன. முதலில் சேந்தனிடமிருந்து ஒரு ரோஜா. அடுத்து மீட்புப் படைத் தலைவரிடமிருந்து, பனித்துளியோடு ஒன்று. பிறகு ஊரே அனுப்பியது. காற்று தீரும்வரை அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்ததும் சேந்தன் முதல் வேலையாக அந்த ஓட்டையை அடைத்தான். இனி ஆளுநரைத் தவிர வேறு யாரும் வெளியிலிருந்து வணக்கம்கூடச் சொல்ல முடியாது. விசாரணைக் குழு அவனைப் பாராட்டியது.

தானாகப் பதில் அனுப்பும் வசதியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. பதில் போடாவிட்டால் நாலு பேர் தப்பாக நினைத்துக்கொள்வார்களே.