நேர்கோட்டில் வந்த தம்பி

துப்பறிவாளருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கதவைத் தட்டிய டீச்சரம்மாவைப் பார்த்ததும், இன்னொரு தலைவலியா என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. போகச் சொல்ல மனம் வரவில்லை.

முந்தைய நாள் விடியற்காலையில், படுத்த படுக்கையாய்க் கிடந்த அவளுடைய அம்மா இறந்துபோயிருந்தாள். கழுத்தில் கிடந்த தங்கச் சங்கிலியைக் காணோம். அதற்கு முந்தின இரவு அம்மாவின் அறையில் துணைக்கு இருந்தவள் நர்சம்மா ஒருத்திதான். அவள்தான் எடுத்திருக்கிறாள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் தம்பி. சாயங்காலம் போலீசுக்குப் போகப் போகிறானாம்.

“அவ கை சுத்தம் சார். இந்தப் பழியோட இனி எந்த வீட்டுல அவளச் சேத்துக்குவாங்க?” என்றாள் டீச்சரம்மா.

தம்பி எப்போது வந்தான் என்று கேட்டார். அவனுக்குத் தூரத்து ஊரில் கடை. காலை ஆறு மணிக்குக் கைப்பேசியில் சொன்னார்கள். பத்து மணிக்கெல்லாம் வாசலில் நின்றான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு: எண்ணூற்று அறுபது கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டேன். விமானமே ஏறியிராத டீச்சரம்மா அதை அப்படியே நம்பியிருந்தாள்.

துப்பறிவாளரின் மைத்துனர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இவர் பின்னாலேயே சுற்றுகிறவர். அவர் அதற்குள் கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டார்.

“சரியாத்தான் சொல்லியிருக்காரு அத்தான். எண்ணூத்தி அறுபது, ஒன்றே முக்கால். புள்ளி மாறல.”

“அப்ப அதுல எனக்கு ஒரு டிக்கெட் எடு.”

மைத்துனர் தேடினார், தேடிக்கொண்டே இருந்தார், முகம் தொங்கிப் போனது. இரண்டுமே சின்ன விமான நிலையங்கள். இரண்டிலிருந்தும் தலைநகருக்கு மட்டும்தான் விமானம். அங்கே இறங்கி, காத்துக் கிடந்து, வேறு விமானம் மாறி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

டீச்சரம்மாவின் வீட்டுக் கூடத்தில் தம்பியும் நர்சம்மாவும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். துப்பறிவாளர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். காய்ச்சலில் குரல் கம்மியிருந்தது.

“போன் ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு கோடு போட்டு நேரம் சொல்லிடும் தம்பி. அந்தக் கோட்டுல விமானம் எதுவும் போகல. நிஜமா வந்தவன் நடுவுல காத்துக் கிடந்த கதையச் சொல்லிப் புலம்புவான். நீங்க கிலோமீட்டர் சொன்னீங்க. போன் வந்தப்ப நீங்க இந்த ஊர்லயேதான் இருந்தீங்க.”

தம்பி சட்டைப்பையிலிருந்து சங்கிலியை எடுத்து மேசைமேல் வைத்தான். கடை மூழ்கிவிட்டது என்றான். ராத்திரியே ரயிலில் வந்து இறங்கி, தன்னிடம் இருந்த சாவியால் திறந்துகொண்டு நுழைந்தானாம். நர்சம்மா நாற்காலியிலேயே அசந்து தூங்கிக்கொண்டிருந்தாளாம்.

டீச்சரம்மா சங்கிலியைத் தொடவில்லை.

“அம்மாவும் தூங்கிட்டா இருந்தாங்க?”

“இல்லக்கா. முழிச்சுத்தான் இருந்தாங்க. கொக்கி கழட்ட வரல. அவங்களே தலையத் தூக்கிக் குடுத்தாங்க.”

நர்சம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“புள்ளைக்காகத் தூக்கியிருக்காங்க. ஒரு மாசமா ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட அந்தத் தலையத் தூக்க முடியல அவங்களால,” என்றாள்.