இனிகோவின் ஜாவா

வலது தோள்பட்டையில் ஆரம்பித்த வலி கழுத்து வழியாக ஏறிக் காதுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. ராத்திரி முழுக்க உப்பு மூட்டை. விடியும்வரை தோணியில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுக்காமல், வளன் நேராகத் தங்கச்சி அல்போன்சாவின் வீட்டுக்கு வந்திருந்தான். விரல்களை முழுசாக மடக்க முடியவில்லை. அந்தக் கையால் கொல்லையிலிருந்த தகரக் கொட்டகையின் கதவை இழுத்தபோது அது அசையவில்லை. இரண்டாம் தடவை இழுத்தபோது, உள்ளே பிடித்துக்கொண்டிருந்த ஆள் கையை விட்டது மாதிரித் திறந்தது.

முதலில் வாடைதான். மூன்று வருஷம் பூட்டிக் கிடந்த வண்டியில் துருவும் காய்ந்த பெட்ரோலும் மணக்கும் என்று நினைத்து வந்தவன் மூக்கில் ஏறியது வேறு. கடலிலிருந்து எடுத்த சங்கைக் கரையில் குழி தோண்டிப் புதைத்து, சதை அழுகியபின் வெளியே எடுப்பார்களே, அந்த வாடை. அழுகலோடு இனிப்பும் கலந்து வரும். கொட்டகையில் சங்கு எதுவும் இல்லை. தங்கச்சி புருஷன் இனிகோ போனபிறகு இந்த வீட்டுக்குள் சங்கு நுழைந்ததே இல்லை.

மூடியிருந்த பாய்த்துணியை உருவினான். ஜாவா மோட்டார் சைக்கிள் நின்றது. சிவப்பு மங்கி, டேங்கின் பளபளப்பெல்லாம் உப்புக் காற்றில் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்திருந்தது. சக்கரத்துக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. மாசி மாசம், மழை பெய்து ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது. குனிந்து தொட்டான். விரலை நாக்குக்குக் கொண்டுபோனவன் பாதியிலேயே வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"என்னண்ணே, ஓடுமா?"

அல்போன்சா கொட்டகைக்குள் வரவில்லை. கையில் காப்பித் தம்ளரோடு வாசலிலேயே நின்றாள். கப்பல் ஆபீஸ் கிளார்க் ஒருத்தர் மாற்றலாகிப் போகும்போது விற்ற வண்டியை, சங்கு குளித்த காசில் வாங்கியவன் அவள் புருஷன் இனிகோ. அவன் கடலோடு போனபின் அவள் அதைத் தொடவும் இல்லை, வேறு யாரையும் தொட விடவும் இல்லை.

"ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் அந்தச் சாகுபுரத்து ஆளு வாரான். ஓடுனா எடுப்பேன், இல்லன்னா பழைய இரும்புதான்னு சொல்லுதான். மவ பிளாரன்ஸ நர்சு படிப்புக்கு அனுப்பணும். ஒங்கிட்ட நான் இது ஒண்ணுதான் கேட்டிருக்கேன்."

உண்மைதான். மூன்று வருஷத்தில் அவள் அவனிடம் வேறு எதையும் கேட்கவில்லை. எப்படி நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டாள். அதனால்தான் அவள் முகத்தைப் பார்த்துக் காப்பி குடிக்க அவனால் முடிவதில்லை. இந்த வண்டி ஓடி சாகுபுரம் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு இந்த வீட்டுக்கு வர ஒரு காரணமும் இருக்காது. அதற்காகவே தூக்கம் கெட்டு வந்திருந்தான்.

கிக்கரை மிதித்தான். கல்லை மிதித்தது போல இருந்தது. பிஸ்டன் இறுகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றினான். ஒரு நாள் ஊறினால் இளகும். இனிகோ இப்படித்தான் செய்வான். "டூ ஸ்ட்ரோக்கு வண்டி மச்சான், வால்வு கீல்வு ஒரு மண்ணும் கெடையாது. பிஸ்டன் ஏறுனா உள்ள மூச்சு, எறங்குனா வெளிய மூச்சு. இதுக்கும் எனக்கும் ஒரே நெஞ்சு" என்று சொல்லிச் சிரிப்பான்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது பிளக் ஓட்டை விளிம்புவரை நிறைந்திருந்தது. அவன் ஊற்றியது அரை ஆழாக்கு. இதுவோ வழிந்து, எஞ்சின் விலாவெல்லாம் வெள்ளைக் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. இந்தத் தடவை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

கடல்.

தனியாக அந்தக் கொட்டகையில் இருக்க மனசு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் வேலை பார்க்கும் ராமரைக் கூட்டிவந்தான். ஐம்பது வயசு ஆள், நூல் கட்டிய கண்ணாடி, வாய் ஓயாத பேச்சு. கார்ப்பரேட்டரைக் கழற்றித் தரையில் கவிழ்த்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ஈர மணல். அதற்குள் கடுகை விடக் கொஞ்சம் பெரிசாக ஒரு சங்குக் குஞ்சு. ராமர் திருப்புளி முனையால் தொட்டதும் அது சதையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அண்ணாச்சி, வண்டிய ரோட்டுல ஓட்டுனியளா, இல்ல வல போட்டுப் புடிச்சியளா?"

"வெள்ளம் ஏறியிருக்கும்."

"கடல் எங்க கெடக்கு, ஒங்க வீடு எங்க கெடக்கு! மெத்தையில படுக்க வச்சாலும் இது நீஞ்சிக்கிட்டே கெடந்திருக்கும் போல." சிரித்தார். வளன் சிரிக்காததைப் பார்த்துவிட்டுத் தானும் நிறுத்திக்கொண்டார்.

ராமர் கை நல்ல கை. ரெண்டு மணி நேரத்தில் பிஸ்டன் இளகியது. பாயிண்ட்டைத் தேய்த்தார், வேறொரு பாட்டரி மாட்டினார், சைலென்சர் ரெண்டையும் கழற்றித் தட்டினார். கரிக்கட்டி விழ வேண்டிய இடத்தில் பாசி விழுந்தது. காலால் ஒதுக்கிவிட்டார். வெயில் ஏறி, தகரம் டிக் டிக்கென்று விரிய ஆரம்பித்தது. பதினொரு மணி இருக்கும். ஆக்சிலேட்டர் ஒயரைப் புதுசாகக் கோத்து, ஒரு முனையை வளன் கையில் கொடுத்தார்.

"இத லேசாப் புடிச்சிக்கிடுங்க. நான் வேற ஸ்பிரிங்கு எடுத்துட்டு வாரேன்."

வளன் பிடித்துக்கொண்டு நின்றான். மெல்லிய இரும்பு நூல், அவ்வளவுதான். மறுமுனை எஞ்சினுக்குள் போயிருந்தது.

ஒயர் சுண்டியது.

"ஏய், இழுக்காதய்யா."

"யாரு இழுத்தா?" ராமரின் குரல் முதுகுக்குப் பின்னால், கதவு பக்கமிருந்து வந்தது. அவர் ரெண்டு கையும் பையைத் துழாவிக்கொண்டிருந்தன.

மறுபடி சுண்டியது. ரெண்டாவது சுண்டு.

வளனின் கை தானாகவே இறுகியது. இருபது வருஷப் பழக்கம் அது. சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றைப் பொண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். வேறு எவன் கையிலும் கொடுக்க மாட்டார்கள். தங்கச்சி தாலி அறுவதை எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. கீழே இருப்பவன் ரெண்டு சுண்டு சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அது ஒன்றுதான் வேலை. கயிறு கையிலேயே இருக்க வேண்டும். கட்டையில் கட்டக்கூடாது.

அன்றைக்கும் முந்தின ராத்திரி உப்பு மூட்டை. வள்ளத்தில் அவனும் இனிகோவும் மட்டும். கை மரத்துப்போயிருந்தது. ஒரே ஒரு நிமிஷம் என்று கயிற்றைக் குறுக்குக் கட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, முழங்காலில் தலையைச் சாய்த்தான். கண் விழித்தபோது வள்ளத்தின் நிழல் அடுத்த பக்கத்தில் கிடந்தது. எட்டு ஆள் ஆழம். இழுத்தான். கனம் வந்தது. நாலு ஆள் கயிறு உள்ளே ஏறியபோது, தெளிந்த தண்ணீரில் வெளிறிச் சுருங்கிய கை ஒன்று கயிற்றைப் பிடித்தபடி மேலே வந்துகொண்டிருந்தது. பிணத்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்த்தாலே சொல்லிவிடுவார்கள், இது எவ்வளவு நேரம் கிடந்த உடம்பு என்று. அவன் தூங்கிப்போனது ஊருக்குத் தெரிந்துவிடும். வளன் மடியிலிருந்த கத்தியை எடுத்து அறுத்தான். அறுக்கும்போது அந்த விரல்கள் மடங்கின மாதிரி இருந்தது. தண்ணீரின் ஆட்டமாக இருக்கலாம்.

கையில் மிஞ்சிய கயிற்றின் நுனியை நங்கூரக் கல்லில் தேய்த்துப் பிசிறாக்கிவிட்டு, கடலுக்கடியில் பாறையில் உரசி அறுந்துவிட்டது என்றான். ஊர் நம்பியது. அல்போன்சா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னண்ணே செய்வ, நீ என்ன செய்வ" என்று அவனைத் தேற்றினாள்.

"அண்ணாச்சி! கைய விடுங்க, ரத்தம்!"

குனிந்து பார்த்தான். ஒயர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. ராமர் ஓடிவந்து ஒயரைப் பிடித்தார். பிடித்ததும் அவர் முகம் மாறியது. எப்படியோ கோத்து முடித்துவிட்டு, மட்கார்டில் இருந்த பீடிக்கட்டைக்கூட எடுக்காமல் கிளம்பினார்.

"கூலி?"

"இருக்கட்டும் அண்ணாச்சி. இந்த வண்டிய நான் தொட்டேன்னு எங்கனயும் சொல்லாதீய."

ஞாயிற்றுக்கிழமை கோவில் மணி அடித்தது. வளன் பூசைக்குப் போகவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து, பெட்ரோலில் ஆயிலைக் கலந்து டேங்கில் ஊற்றினான். ஊற்ற ஊற்ற உள்ளே விழும் சத்தம் ரொம்பத் தூரத்தில் கேட்டது, கிணற்றுக்குள் விழுவது போல, அதைவிட ஆழமாக. பாதி டின்னோடு நிறுத்தி மூடியைத் திருகினான்.

பூசை முடிந்து அல்போன்சா முக்காட்டோடு கொட்டகை வாசலுக்கு வந்தாள். "ஆளு வார நேரம் ஆச்சு. ஒரு தடவ அடிச்சிக் காட்டு." முகத்தில் மூன்று வருஷமாக இல்லாத ஒரு வெளிச்சம்.

மிதித்தான். ஒன்று. ரெண்டு. ரெண்டாவது மிதிக்கே வண்டி பிடித்துக்கொண்டது.

"மாதாவே!" என்றாள் அவள். கையைத் தட்டினாள்.

ஜாவாவின் அந்தப் பழைய கட கட சத்தம் ஒரு நொடிதான் கேட்டது. பிறகு சைலென்சர் ரெண்டும் தண்ணீரைக் கக்கின. புகை வரவில்லை. நுரைதான் வந்தது. சத்தம் மட்டுப்பட்டு, உள்வாங்கி, தண்ணீருக்கடியில் ஒருவன் வாயைத் திறந்தால் வரும் கொப்புளச் சத்தமாக மாறியது. உள்ளே ஒன்று. வெளியே ஒன்று. சங்கு வாடை கொட்டகையை நிறைத்தது.

வளன் சாவியை உருவினான். நிற்கவில்லை.

பெட்ரோல் குழாயை அடைத்தான். நிற்கவில்லை.

பிளக் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே. வெளியே. உள்ளே. வெளியே.

"என்னண்ணே இது?" அல்போன்சா இப்போது கொட்டகைக்குள் வந்திருந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

டேங்க் மூடி தானாகத் திருகிக்கொண்டு திறந்து தரையில் விழுந்து உருண்டது. தண்ணீர் பொங்கி வழிந்தது. குளிர்ந்த தண்ணீர். அவர்கள் கால் நனைந்தது. தண்ணீரோடு ஒரு கயிற்று நுனி மேலே வந்தது. பாசி படிந்த தென்னங்கயிறு. வந்து, டேங்கின் மேல் சாய்ந்து கிடந்தது.

அல்போன்சா அதை எடுத்தாள். இனிகோவுக்கு அந்தக் கயிற்றைத் திரித்துக் கொடுத்தவள் அவள்தான். நுனியைக் கட்டைவிரலால் தடவினாள். பிசிறே இல்லை. கத்தி போன தடம், சுத்தமாக.

"அறுந்துச்சுன்னு சொன்ன."

வளன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"இது அறுந்த கயிறு இல்லியே, அண்ணே."

அவள் அழவில்லை. கத்தவில்லை. அவனுடைய புண்பட்ட கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையில் கயிற்றை வைத்து மூடினாள்.

எஞ்சின் ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. வெளியே விடவில்லை.

அமைதி. தகரம் விரியும் சத்தம் மட்டும். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்து, "வீட்டுல ஆள் இருக்கா?" என்று கூப்பிட்டார்கள். சாகுபுரத்து ஆள்.

கயிறு விறைத்தது.

ஒரு சுண்டு.

ரெண்டு சுண்டு.

"இழு" என்றாள் அல்போன்சா.

டேங்கின் வாய்க்குள் வளன் எட்டிப் பார்த்தான். அடி தெரியவில்லை. பச்சைத் தண்ணீர், இறங்கிக்கொண்டே போனது. வெகு கீழே வெளிறினதாக ஒன்று, கயிற்றைப் பிடித்தபடி, முகத்தை மேலே தூக்கிக் காத்திருந்தது.

எட்டு ஆள் ஆழத்தில் அன்றைக்கு வளன் இழுத்தது நாலு ஆள். இனிகோவுக்கு இன்னும் நாலு ஆள் கயிறு பாக்கி.