மலையின் பின்பக்கம்

ஏரிக்கு அப்பால் இருந்த மலையின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. பனி இல்லை. பனி என்றால் நகரும், கலையும், கொஞ்சமாவது வெட்கப்படும். இது, தாளைக் கையால் கிழித்தால் ஓரத்தில் பிதுங்கும் நாரைப்போல, பஞ்சு பஞ்சாக, அசையாமல் நின்றது. கோந்து கண்ணைக் கசக்கிக்கொண்டான். காலையிலிருந்து வெறும் டீயில் ஓடும் உடம்பு எதைத்தான் காட்டாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிவிட்டு, ஜன்னலை விட்டு மேசைக்குத் திரும்பினான்.

கோந்து என்பது கல்லூரி வைத்த பெயர். ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். விரலிடுக்கில் எந்நேரமும் காய்ந்த பசை. வீட்டில் அவனும் அக்காவும் மட்டும்தான். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். வேலை முடிந்ததும் மலையடிவாரத்து ஏரிக்கரைச் சாலையில் நடந்து வந்து கதவைத் தட்டுவாள். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. சாவி கையிலேயே இருக்கும். ஆனாலும் தம்பி எழுந்து வந்து திறக்க வேண்டும். வாழ்க்கையில் அவளுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அது.

நாளைக்குக் கொலாஜ் கொடுத்தாக வேண்டும். தலைப்பு, ‘என் ஜன்னலின் இயற்கை’. தூரிகை கூடாது, கத்தரி கூடாது. பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து ஒட்டியே மலையும் நீரும் வர வேண்டும். வகுப்பில் ஒருவன் நாலு சருகை அட்டையில் ஒட்டி ‘மௌனம்’ என்று பெயர் வைத்துவிட்டான். அதைப் பார்த்து மேடம் கண் கலங்கினார். கோந்துவிடம் மட்டும் அவருக்கு அந்த ஈரம் சுரப்பதில்லை.

“முன்பக்கம் நீ தேர்ந்தெடுத்தது. பின்பக்கம் யாரோடதுன்னு உனக்குத் தெரியாது. ஒட்டுறதுக்கு முன்னாடி திருப்பிப் பாரு,” என்பார் ஒவ்வொரு வகுப்பிலும். “பசையில தண்ணி கூடிப்போச்சுன்னா, பின்னாடி இருக்கிறது முன்னாடி வந்து நிக்கும்.”

கோந்து திருப்பிப் பார்க்கவில்லை. முன்பு குடியிருந்தவர்கள் பரணில் விட்டுப்போன பத்திரிகைக் கட்டில், மலையின் அதே சாம்பல் நீலம், ஒரு முழுப் பக்கத்துக்குக் கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கிழித்தான், பசையைக் குழைத்தான், அப்படியே ஒட்டினான். பசை மோர்மாதிரி இருந்தது என்பது ஒட்டிய பிறகுதான் உறைத்தது.

இப்போது ஈரம் ஊற ஊற, அட்டையில் இருந்த மலைக்குள் ஏதோ கருத்துக்கொண்டு வந்தது. முதலில் இரண்டு பள்ளங்கள். பிறகு அவற்றின் கீழே, மலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நீளமாக, வெளுப்பாக, ஒரு வரிசை.

“பற்பசை விளம்பரம்,” என்றான் உரக்க. அறையில் யாரும் சிரிக்கவில்லை. விளம்பரத்தில் பல்லைச் சுற்றி உதடு இருக்கும். இதற்கு இல்லை.

அக்காவின் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டு, போனை மேசையில் வைத்தான்.

“தம்பி, வந்துட்டே இருக்கேன். அடுப்புல ஏதாவது வச்சியா, இல்ல அதையும் அட்டையில ஒட்டிட்டியா?”

“எங்கக்கா இருக்க?”

“ஏரிக்கரையில. இங்க பாரேன், மலையில வெள்ளையா, வரிசையா என்னமோ தெரியுது. வீடு ஏதும் கட்டுறாங்களா? நாள் முழுக்க ஊர்க்காரங்க வாயைப் பார்த்துட்டு வர்றேனா, எனக்கு எல்லாமே பல்லாத் தெரியுதுடா.”

அவள் சிரித்தாள். அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்க்கக் கழுத்து மறுத்தது.

“அக்கா, திரும்பிப் போ. ஆஸ்பத்திரிக்கே போயிடு.”

“ஏன்டா, வீட்டைக் கொளுத்திட்டியா?”

காய்வதற்குள் உரித்துவிட வேண்டும். வேறு எதுவும் தோன்றவில்லை. மழுங்கிய கத்தியை மலையின் மூலையில் நுழைத்து மெல்ல நெம்பினான். தாள் எழும்பியது. சர்ரென்று ஒரு சத்தம், ஈரத் துணியைக் கிழிப்பதுபோல. அட்டையிலிருந்து அல்ல. ஜன்னலுக்கு வெளியேயிருந்து. ஏரிப் பறவைகள் ஒரே நேரத்தில் வாயடைத்தன. பசை நாற்றம் காற்றில் வந்தது.

“தம்பி.” அக்காவின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. “திடீர்னு இருட்டிடுச்சுடா. மேல என்னமோ மடங்கி வருது. அது... அதுக்கு...”

அமுக்கு. திரும்ப ஒட்டிவிடு, என்றது அவன் மூளை. கத்தியை எறிந்துவிட்டுத் தாளை இரண்டு கையாலும் அட்டையோடு வைத்து அழுத்தினான்.

ஒட்டிக்கொண்டது. மலையடிவாரத்தில், சாலைக்காக அவன் கிழித்து வைத்த பழுப்புப் பட்டையின்மேல் மட்டும், தாளுக்கடியில் சின்னதாக ஒரு புடைப்பு.

காற்றுக் குமிழ் என்றால் கட்டைவிரலால் அழுத்தி ஓரத்துக்குத் தள்ள வேண்டும். மூன்று வருடப் பழக்கம். அவன் யோசிக்கவில்லை. விரல் யோசிக்கவில்லை.

தள்ளியது.

புடைப்பு கதகதப்பாக இருந்தது. கொஞ்சம் நகர்ந்தது. பிறகு தட்டையானது.

“அக்கா?”

போனில் காற்றுகூட இல்லை.

“அக்கா!”

ஜன்னலில் மலை இருந்தது. ஏரி இருந்தது. சாலை இருந்தது. சாலையில் யாரும் இல்லை.

அவன் எழுந்தான். போகலாம், ஓடலாம், யாரையாவது கூப்பிடலாம். எதைச் சொல்லி?

கதவு தட்டப்பட்டது.

இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “இரு, வர்றேன், இதோ வர்றேன்,” என்று உளறிக்கொண்டே கதவை நோக்கி ஓடினான். தாழ்ப்பாளில் கை வைத்தான்.

காலில் ஏதோ ஈரமாகப் பட்டது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் அது உள்ளே வந்துகொண்டிருந்தது. வழவழப்பாக. மெதுவாக. சுற்றிலும் வெள்ளை நார் பிதுங்கிய ஓரம். அந்த ஓரம் ஒரு தோளாக வளைந்தது. ஒரு கையாக நீண்டது. பின்னிய கூந்தலின் வடிவில் சுருங்கி முடிந்தது.

முழுசாக வந்து தரையில் படிந்தது. குப்புற.

மேல்பக்கத்தில் அக்காவின் முதுகு இல்லை. சாம்பல் நீலத்தில், விளிம்பிலிருந்து விளிம்புவரை, அந்தப் பல்வரிசையின் மிச்சம் இருந்தது. அது மெல்லத் திறந்தது.

தரையோடு ஒட்டிக்கிடந்த பக்கத்திலிருந்து, தாள் உரசுவதுபோல ஒரு குரல் வந்தது.

“தம்பி... திருப்புடா.”